அசையாத இரவு

புந்தா அரினாஸ். ஜூன் மாதம்.
காலை ஒன்பதரைக்கும் விடியாத ஊர்.

பதினேழாம் எண்ணின் கைப்பட்டை சொல்கிறது:
ஏழு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் உறக்கம்.
நண்டு ஆலையின் குளிர்கிடங்கில்
பெட்டி அடுக்குபவன்.
குறிப்பேட்டில் அவன் எழுத்தோ:
"பொட்டுத் தூக்கமில்லை.
புரண்டால் அவள் விழித்துக்கொள்வாள்,
கட்டையாய்க் கிடந்தேன்."

சிமேனா பென்சிலைக் கடிக்கிறாள்.
அசையாததையெல்லாம் உறக்கமென்று எண்ணும் கருவி.
அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

மனநிலை, பத்துக்கு எத்தனை?
மூன்று போட்டு, அடித்து, நான்கு.
அந்த ஒன்று எங்கிருந்து வந்ததென்று
கேட்கக் கட்டமில்லை.

பதினெட்டு. அதே முகவரி, அதே இரவு.
ஆறு மணி நேரம் ஐம்பது.
ஓரத்தில், வட்ட வட்ட எழுத்தில்:
"நிபால்தோ அசந்து தூங்கினான், பாவம்.
இருமலை விழுங்கிக்கொண்டு
கூரைத் தகரத்தில் காற்று மோதுவதை
எண்ணிக்கொண்டிருந்தேன்."

ஒருவர் தாளை மற்றவருக்குக் காட்டக் கூடாது;
அவளே தட்டச்சு செய்த விதி, பக்கம் நான்கு.

இரண்டையும் ஒரே கவ்வியில் செருகுகிறாள்.
பிறகு பிரிக்கிறாள்.
வெளியே தெருவிளக்கை ஆட்டிப் பார்க்கிறது காற்று.

நாளை தொலைபேசியில் கேட்கலாம்,
பொதுவாகத்தான், இருவரிடமும்:
வீட்டில் இருமல் மருந்து ஏதும் இருக்கிறதா?