முள்கரண்டி மழை

செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
பழக்குலையோடு உள்ளே வரும் லோரிக்கு ஓர் எடை,
வெறுமையாய் வெளியே போகையில் இன்னோர் எடை.
நடுவில் உள்ளதற்குத்தான் காசு.

வீட்டில் நான் பார்க்கும் கணக்கு வேறு.

பகாவில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.
மூன்று மணிக்கு வெயில் பல்லைக் காட்டும்.
மூன்றே காலுக்குப் பள்ளிச் சீருடை, போர்வை,
தலையணை உறை எல்லாம் தொப்பல்.
எங்கள் வரிசையில் பதினோரு வீடு, பதினோரு கொடி,
மாதத்தில் பாதி நாள்
பதினோரு புலம்பல்.

ஆ லெக் கடையில் இரண்டு முள்கரண்டி வாங்கினேன்.
சாப்பிடவா என்றான்.
இல்லை, மழைக்கு என்றேன்.
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தான்.
தம்பி தூக்கிப் போட்ட கைப்பேசியின் மின்கலம்,
ஊமையாகிப்போன ஓர் அழைப்புமணி,
பன்னிரண்டு ரிங்கிட்டுக்குத் தபாலில் வந்த
கட்டைவிரல் நகத்தளவு சில்லு.

முள்ளும் முள்ளும் தொடாமல்
முகம் பார்த்து நிற்க வேண்டும்.
நடுவில் நீர் விழுந்தால்
இந்தப் பக்கத்துச் சேதி அந்தப் பக்கம் போகும்.
அவ்வளவுதான் சூத்திரம்.
அதற்கு மூன்று இரவுத் தூக்கம் போனது.
ஈயம் உருகும் வாசனை தலைமுடியில் ஏறிக்கொண்டது.
சுட்டுவிரலில் ஒரு கொப்புளம்.
மறுநாள் எடைமேடையில்
யாரும் பார்க்காதபோது அதைத் தடவிப் பார்த்தேன்,
புது மோதிரம் போட்டவள் மாதிரி.

முதல் மணி அடித்தது
விடியற்காலை நான்கு பத்துக்கு.
வரிசையே எழுந்தது.
மாக்சிக் சல்மா தலையில் துண்டோடு,
குணாளன் அண்ணன் கைலியை இறுக்கியபடி,
கடைசி வீட்டு யோகமலர் இரண்டு வாளியோடு.
அந்நேரம் கொடியில் ஒரு துணிகூட இல்லை என்பது
எவருக்கும் நினைவில் இல்லை.
வானம் நிறைய நட்சத்திரம்.
கரண்டிகளின் நடுவில் ஒரு தவளை,
ஈர வயிற்றோடு,
இரு பக்கமும் கால் வைத்து,
பஞ்சாயத்துக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

ஒருவரும் திட்டவில்லை.
சிரித்து முடிக்கவே நேரம் போதவில்லை.
மாக்சிக் கோப்பி கலக்கினார்.
நாலரை மணிக்குப் பசியாறிய ஒரே வரிசை
இந்தத் தாமானில் நாங்கள்தான்.

அப்புறம் தவளைக்குப் பயந்து
ஐஸ்கிரீம் டப்பா மூடியால் ஒரு கூரை போட்டேன்.
தவளை வரவில்லை.
மழையும் உள்ளே வரவில்லை.
மூன்று நாள் எல்லார் துணியும் நனைந்தபின்தான் உறைத்தது.
கூரையைக் கழற்றினேன்.
ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டால் அது தவளை,
விட்டுவிட்டு விழுந்தால் அது மழை என்று
சில்லுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.
பாதி புரிந்துகொண்டது.
மாதம் ஒருமுறை
கரண்டிக்கு எலுமிச்சை தேய்க்கிறேன்.

இப்போது மணி அடித்தால்
என் கைப்பேசிக்கும் ஒரு சொல் வரும்.
மழை.
இன்று வந்தது.
ஆலை முற்றத்தில் தார் இளகும் வெயில்,
பதினேழு கிலோமீட்டர் தள்ளி
என் கரண்டிகள் நனைகின்றன.
இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது.
இருந்தும் முகம் தானாக மலர்ந்துவிட்டது.
நல்ல சேதியா என்றார் லோரிக்கார அஸ்மான்.
மழை என்றேன்.
அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.
அவருடைய எடையைத் தப்பாக எழுதி,
அடித்து,
மறுபடி எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது
வாசல் நாற்காலியில் என் துணிகள்
யாரோ மடித்து வைத்திருந்தார்கள்,
ஓரங்கள் சேராமல், அவசர மடிப்பு.
சேலைக்குள் ஒற்றைக் காலுறை,
என் உள்ளங்கையைவிடச் சின்னது.
யார் வீட்டுப் பிள்ளையுடையது என்று
பத்துக் கதவையும் தட்டிக் கேட்க வேண்டும்.

மழை இன்னும் விடவில்லை.
மணியை நிறுத்த எழுந்தேன்,
இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று
உட்கார்ந்துவிட்டேன்.