ஏழாவது

முதல் பாகத்தைச் சும்மாதான் தந்தாள் மெற்றில்டா.
இரண்டாவதையும்.
மூன்றாவதைக் கேட்டுப் பாலையூற்றுக்குப் போனால்
"கேக் ஒண்டு அடிச்சுக்கொண்டு வாவன்" என்றாள்.

சோறு காய்ச்சும் குக்கரில் ஊற்றினேன்.
நடுவில் குழி, மழைக்குப் பிறகு உவர்மலை ரோட்டைப் போல.
முழுவதும் தின்றாள்,
ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை நீட்டினாள்.

நாலாவதுக்காக அவண் ஒன்று, தவணை முறையில்.
நூற்றெண்பது பாகை, முப்பத்தைந்து நிமிடம்:
அதற்குள் ஓர் அத்தியாயம் முடியும் என்று என் கணக்கு.
கப்பல் சமையல்காரன் கோப்பைக்குள் எதையோ கொட்டினான்,
நான் நிமிடங்களை விட்டுவிட்டேன்.
கரிந்ததை மதிலுக்கு வெளியே வைக்க
ரோட்டில் திரிகிற மான்கள் இரண்டு வந்து மோந்து பார்த்தன.
ஒன்று தும்மியது.

ஐந்தாம் பாகம் பட்டர் விரல்களோடு:
எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த பக்கமும் தெரிந்தது.
ஆறில் கரண்ட் போனது.
பாதி வெந்த மா, பாதியில் நிற்கும் விசாரணை,
கையில் போன் வெளிச்சம்.
எதை முதலில் திறப்பது?

சனிக்கிழமை மெற்றில்டாவே வந்தாள், வெறுங்கையோடு.
"ஏழாவதை இன்னும் எழுதேல்லையாமடி."
இனிக் கேக் எதற்கு?
ஆனால் அவணுக்குள் தட்டு ஏற்கெனவே போயிருந்தது.
இரண்டு பேரும் குசினி நிலத்தில் குந்தி
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்,
எழும்புமா,
இருந்துவிடுமா என்று.