வரி 212: இருமல்

லெத்பிரிட்ஜில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
தோளால் இடித்துத் திறந்துகொண்டு வரும்.
அப்படித்தான் வந்தார் மார்த்தா கோவல்சுக்
பல்கலைக்கழக ஒலிக்கூடத்துக்கு.
மார்போடு அணைத்த பிஸ்கட் டின்னில்
ஒரே ஒரு நாடாச் சுருள்.

"ஐம்பத்து நான்காம் வருஷம்.
பீட் கிழங்கு அறுவடை முடிந்த இரவு.
ரென்ஜோ என்றொரு பிக்கு,
ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர்.
முடிவு மட்டும் இல்லை."

அதைத் தேடிப் பதினோரு வருஷமாம்.
கியோத்தோவில் நாலு நூலகம்,
டொராண்டோவில் ஒரு நிலவறை,
ஒரு விவாகரத்து.
கடைசியதைச் சிரித்துக்கொண்டே சேர்த்தார்.

நான் நாடாவைத் துடைத்துக்கொண்டிருக்க
தரைவிரிப்பில் மண்டியிட்டு
என் இரும்பு ஸ்கேலை விசிறியாக்கினார்.
ஒரு தட்டு: பனி விழுகிறது.
இன்னொரு தட்டு: பனியில் ஒரு திருடன்.
உக்ரேனியக் கோதுமைக் குடும்பத்துப் பெண்மணி,
ஆறடி, முழங்காலில் அறுவைத் தழும்பு,
இடப்பக்கம் திரும்பினால் பிக்கு,
வலப்பக்கம் திரும்பினால் திருடன்.
ஜப்பானில் சிரிப்புக் கதைக்காரரும் பௌத்தப் பிரசங்கியும்
ஒரே மெத்தையில் உட்கார்ந்து எழுந்தவர்கள் என்றார்.
மெல்லத் தொடங்கு,
நடுவில் சிரிக்க வை,
கும்பிட வைத்து முடி.
சொல்லி முடித்து எழப் பார்த்தால் கால் மரத்திருந்தது,
என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதை இதுதான்.
வெறும் மண்டபத்தில் பிக்கு பிரசங்கம் செய்கிறார்.
புத்தர் சிலைக்குப் பின்னால்
மூச்சை அடக்கிக்கொண்டு திருடன்.
பிக்குவுக்குத் தெரியும். தெரியாதவர்போல்
எட்டு நரகங்களையும் நிதானமாகத்
திறந்து காட்டி மூடுகிறார்.
நடுநடுவே, பீட் மண் போகாத விரல்களோடு
உட்கார்ந்திருந்த ஜனங்கள்
"நமு அமிதா புட்சு" என்று முனகுகிறார்கள்.
நமக்குத் தெரிந்த காரியம்தான், உம் கொட்டுவது.
உம் இல்லாவிட்டால் ராஜா காட்டிலேயே நிற்பான்,
குதிரைக்குப் புல் கிடைக்காது.

பிக்கு நிறுத்துகிறார். சிலையைப் பார்த்து,
"கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாய்?"

ஒரு இருமல்.

அத்தோடு நாடா தீர்ந்து
சக்கரம் சும்மா அடித்துக்கொள்ளும் சத்தம்.
ஹெட்போனுக்குள் நான் "ம்" என்றது
எனக்கே கேட்டது.
மார்த்தா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திருடன் காலில் விழுந்து கும்பிட்டிருப்பான்
என்பது அவர் ஆய்வின் முடிபு.
நூற்று நாற்பது பக்கம், அடிக்குறிப்புகள் தனி.

மார்ச்சில் சினூக் அடித்து
தெருப்பனியெல்லாம் ஒரே மத்தியானத்தில் ஓடிய நாள்,
முதியோர் இல்லத்தில் ஃபூமிகோ நிஷிகோரிக்கு
அதைப் போட்டுக் காட்டினோம்.
அந்த இரவில் அவருக்கு ஏழு வயது.
முடிவு என்ன?
"தூங்கிவிட்டேன், கோட்டுக் குவியல்மேல்."
மார்த்தா பேனாவை மூடினார்.
"இருங்கள். அந்த இருமல். மறுபடி."
மூன்று முறை போட்டேன்.
"அம்மா" என்றார்.
ஜாம் காய்ந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
"சிரிப்பை அடக்கினால் அம்மாவுக்கு இருமல் வந்துவிடும்.
சாவு வீட்டில்கூட."

காரில் ஏறியும் மார்த்தா சாவியைத் திருகவில்லை.
பள்ளத்தாக்கின் மேல் உயரப் பாலத்தில்
ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
தொண்ணூறு பெட்டிவரை எண்ணி விட்டுவிட்டேன்.
"அப்படியானால் அவன் கும்பிடவில்லை.
ஏதோ பதில் சொல்லியிருக்கிறான்."
என்ன பதில்?
அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.
எங்களுக்குத் தெரியாது,
இனித் தெரியப்போவதுமில்லை.

எழுத்துப்படியை ஸ்டியரிங்மேல் விரித்து
வரி 212-இல் "இரைச்சல்" என்றிருந்ததை அடித்தார்.
"தொமே நாகஹாமா, சிரிக்கிறார்"
என்று எழுதினார்.
கோடு நேராக வர
என் ஸ்கேலை வைத்துத்தான் அடித்தார்.
இன்னும் திருப்பித் தரவில்லை.