சட்டை செய்தல்

இருபது டிகிரிப் பெட்டியில் பதினாறாம் தட்டு.
அகர் மேல் மங்கலாய் ஒரு பாக்டீரியாப் புல்தரை,
அதில் மேயும் முந்நூறு காற்புள்ளிகள்.
வாக்கியம் எதற்கும் சொந்தமில்லாதவை.

பயோபொலிஸ், நான்காம் மாடி, இரவு எட்டே முக்கால்.
கண்ணாடிக்கு அப்பால் மழை
ஓசையில்லாமல் பெய்கிறது.
பிளாட்டினக் கம்பியை நெருப்பில் காட்டி
ஆறவிட்டு
ஒரு புழுவைத் தூக்குகிறேன். குட்டை.
அதன் பாட்டுக்கு நெளிகிறது.

நான்கு முறை சட்டை உரிக்கும் இது.
பாம்பைப் போலத்தான்,
ஆனால் யாரும் கண்டு அலறுவதில்லை.
பழையதைக் கழற்றும் முன்பே
அடியில் புதியதை நெய்து முடித்துவிடும்.
ஒரு கணமும் அம்மணமில்லை.
நூல், கொலாஜன்.
எவ்வளவு நூல், எப்போது என்று
நரம்பிலிருந்து தோலுக்கு ஒரு சேதி போகும்.
சேதி மிகுந்தால் நெட்டை,
மெலிந்தால் குட்டை.

இதுவரை பாடம்.

சியூ மின் வரைந்த படத்திலும்
அம்பு ஒரு பக்கம்தான் பார்த்தது:
சேதியிலிருந்து சட்டைக்கு.
முதலாளி சொல்ல, தையல்காரர் தைக்க.

போன மாதம் ஒரே ஒரு நூலை உருவினோம்.
சட்டை நையும், வேறென்ன ஆகிவிடும் என்றிருந்தோம்.
தோலின் உட்கருக்களில்
சேதி வந்து சேர்ந்ததற்கு அடையாளமாய்
வரிசையாக எரிய வேண்டிய பச்சை விளக்குகள்
மங்கிக் கிடந்தன.
மறுபடி செய்தேன்.
வேறு அகர், வேறு பெட்டி, மறுபடி.
என் கைராசிமேல் சந்தேகப்பட்டு
ஹனிசா செய்து பார்த்தாள்.
மங்கல்தான்.

சொன்னதைக் கேட்டுத் தைத்துக்கொண்டிருந்தது
திரும்பிப் பேசியும் இருக்கிறது,
இத்தனை காலமாய்,
நாங்கள் சட்டை செய்யாத மொழியில்.

பக்கத்துத் தட்டில் வேறொரு நூல் பிழைத்தவை.
நேரே போக வராது.
உடலை முறுக்கி முறுக்கி
ஏறின இடத்திலேயே வந்து இறங்கும்.
ஹனிசா அவற்றுக்கு வைத்த பெயர் வட்டப் பாதை.
புவன விஸ்தாவில் ரயில் ஏறும்போதெல்லாம்
எனக்குச் சிரிப்பு வருகிறது.
இன்றைக்கு வரவில்லை.

பத்தரைக்கு வீடு. குளியலறை வெளிச்சம்.
நிலன் பிறந்த வழி
என் அடிவயிற்றில் ஒரு கோடாக நிற்க வேண்டியது,
தடித்து, பளபளத்து, கரை மீறி வளர்ந்திருக்கிறது.
ஆறின பிறகும் ஆறிக்கொண்டே இருக்கிறது.
பாலிகிளினிக்கில் சொன்ன பெயர் கெலாய்டு.
உள்ளே ஓடுவது
அந்தப் புழுச் சேதிக்கு ஒன்றுவிட்ட உறவு.
விறைத்த இழை செல்லைப் பிடித்து இழுக்கிறது,
இழுபட்ட செல், நெய் இன்னும் நெய் என்கிறது,
நெய்ததும் விறைக்கிறது.
யார் முதலில் தொடங்கியது என்று
இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்க முடியாது.

"அரிக்குதுன்னு தொட்டுக்கிட்டே இருக்காத.
சட்டை பண்ணாம விடு, தானா அடங்கும்."
கதவுக்கு வெளியே தியாகு,
தோளில் தூங்கும் பிள்ளையோடு.

அதுதான் தியாகு வம்பே.
இது சட்டை பண்ணுவதை
நிறுத்த மாட்டேன் என்கிறது.

காலையில் யாரும் வருமுன்
பலகையில் சியூ மின்னின் அம்புக்குக் கீழே
எதிர்ப்பக்கம் பார்த்து ஒன்று வரைந்தேன்.
மார்க்கரில் மை தீர்ந்திருந்தது.
கிட்ட வந்தால் தெரியும்.

பதினாறாம் தட்டில் குட்டைகள்
முட்டையிட்டிருந்தன.
எண்ண உட்கார்ந்தேன்.