ஆறு டொலர்

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடிக்கு
சில்வர் டொலர் ஆறு வாங்கி வந்தேன்.
'செடி வைக்காதீங்க மிஸ், மிஞ்சாது'
என்றான் கடைக்கார ஃபவாஸ்.
வைத்தேன்.
விடியும்போது தண்டுகள் மட்டும்
ஈர்க்குகளாய் நின்றன.

இப்போதெல்லாம் கங்குன் ஒரு கட்டு வாங்கினால்
இலை மீன்களுக்கு,
தண்டு எனக்கும் யசோதரனுக்கும்.

மாத்தறை ரயில் கடலோரம் போகையில்
ஆறும் வெருண்டு ஒரே பக்கம் திரும்பும்.
திரும்பும் கணத்தில் மீனே இராது,
ஆறு மெல்லிய கோடுகள்.
பிறகு மறுபடி வட்டம், வெளிச்சம்.

கரண்ட் போன இரவுகளில்
காற்றுக் குமிழி நின்றுவிடும்.
தேநீர்க் கோப்பையால் தண்ணீரை மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பேன்.
'வங்கியிலேயே இல்லையாம்,
உன்னட்ட ஆறு டொலர்' என்பான் யசோதரன்
ஒவ்வொரு முறையும்.
ஒவ்வொரு முறையும் சிரிப்பதும் அவன்தான்.

நேற்றிரவு ஒன்று மிதந்தது.
கையில் எடுத்தேன். எடையே இல்லை.
டோர்ச் பிடித்திருந்தவன்
பகிடி ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பையை வாங்கிக்கொண்டு
'நீ படு' என்றான்.

மூன்று மணிக்கு விழித்தேன்.
இன்னும் அந்தச் சத்தம்:
மொண்டு, ஊற்றி,
மொண்டு.