இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம்

ஏலச்சீட்டை மார்கழியில் எடுத்தேன்.
தள்ளு போகக் கைக்கு வந்தது எண்பத்தேழாயிரம்.
முகூர்த்தம் இல்லாத மாதம்,
யோசிக்க மட்டும்தான் வேலை.

நாலு ரோட்டில் இனாயத் பாய்
கண்ணாடி மேசைமேல் இரண்டையும் வைத்தார்.
இடப்பக்கம் புது பாடி:
யாரும் குடிவராத வீட்டின் பெயின்ட் வாசனை.
வலப்பக்கம் எண்பத்தைந்து லென்ஸ்.
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தேன்,
பச்சையும் ஊதாவுமாய்
என் மூக்குத்தி அடியில் மிதந்தது.

"பழைய பாடியக் குடுத்துட்டா
ஒம்பதாயிரம் கழிச்சுக்கறேன்."

ஒன்பதாயிரம்.
பிடி ரப்பர் உரிந்து, சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.
கம்பெனி சொன்ன ஆயுள் ஒன்றரை லட்சம் கிளிக்,
போன வாரம் பார்த்தபோது
இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம்.
வலது மேல் மூலையில் செத்துப்போன புள்ளி ஒன்று
எல்லாப் படத்திலும் சிவப்பாய் எரியும்.
அம்மாப்பேட்டைக் கல்யாணம், தாரமங்கலத்துக் காதுகுத்து,
யார் தலைக்கு மேலும் அதே பொட்டு.
ஆறு வருஷமாய் ராத்திரி உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருக்கிறேன்.
வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும்,
முகமெல்லாம் ஜவ்வரிசி கொட்டினாற்போல் மணி மணியாய்.
சேலத்துக் கேமரா, வேறென்ன கொட்டும்.

லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு வாங்கி
செவ்வாய்க்கிழமை ஏற்காடு ஏறினேன்.
பதினாலாவது கொண்டை ஊசியில்
மலை தன்னை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது.
எதிரே பஸ்ஸின் ஹாரன் வந்தது,
வெகுநேரம் கழித்துத்தான் பஸ் வந்தது.

நாகலூர் தாண்டி, சில்வர் ஓக்கில் சாய்த்த
ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று
மிளகு பறித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
"எடுக்கறதுன்னா எடு. நான் எறங்க மாட்டேன்."

லென்ஸ் அவள் முகத்தை ஒரேயடியாய் இழுத்துவந்தது.
நான்தான் பின்னால் போகவேண்டியிருந்தது,
காப்பிச் செடி முதுகில் குத்தும்வரை.
"உள்ள வாங்க, ஒட்டி நில்லுங்க" என்று
மண்டபம் மண்டபமாய்க் கத்திய வாய்
அன்று சும்மா இருந்தது.
கண்ணாடியில் பனி படிந்தபோது
துப்பட்டா நுனியால் துடைத்தேன்.
பாய் பார்த்திருந்தால் கடைக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார்.

கிளிக்.

ஏணி இல்லை. மரம் வெறும் பச்சைத் தண்ணீர்.
காது கூடத் தெளிவில்லை.
இடது இமையில் மட்டும் மூன்று துளி,
அதில் ஒன்று விழப்போகிறது.
மேல் மூலையில் நம்ம சிவப்புப் புள்ளி
மிளகுக் கொடிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

பறித்து முடித்து இறங்கியவள்
திரையைக் கைமறைவு கட்டிப் பார்த்தாள்.
முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"அடடா, பழுத்தது ஒண்ண விட்டுட்டேனே" என்று
அண்ணாந்து கொடியெல்லாம் தேடினாள்.
நான் உண்மையைச் சொல்லவில்லை.
அந்தப் படத்தில் புள்ளியை அழிக்கவும் இல்லை.

புதன்கிழமை பணத்தை எண்ணி வைத்தேன்.
"லென்ஸு சரி. அப்ப பாடி?"
எங்கள் தெருவில் அந்த வார்த்தையைச் சொன்னால்
எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்பார்கள்.
"இன்னும் மூச்சு இருக்கு பாய்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை,
பில்லில் ஒரு துடைக்கும் துணி சேர்த்துக் கொடுத்தார்.

தையில் முதல் முகூர்த்தம் குகையில்,
விடியற்காலை நாலரை.
லென்ஸ் இருட்டையும் அள்ளிக் குடிக்கும், அந்தக் கவலை இல்லை.
கெட்டிமேளம் கொட்டும்போது
ஷட்டர் பாதியில் நின்றுபோனால் என்ற கவலை
தூங்கவிடுவதில்லை.
பையைத் திறந்து சைக்கிள் டியூபைத் தடவுகிறேன்.
எடுத்த சீட்டுக்கு
இன்னும் பதினோரு மாதம் கட்டவேண்டும்.
அதுவரை நீ போகக்கூடாது,
சொல்லிவிட்டேன்.