ஐந்து நிமிட மருந்து

வார்னம்பூல் ஆஸ்பத்திரியில்
குடல்வால் வெடிக்குமுன் என்னைக் கிடத்தியபோது
மயக்க மருத்துவர் கில்மார்ட்டின் சொன்னார்:
தசையைத் தளர்த்த ஓர் ஊசி.
ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து,
பிறகு உங்கள் ரத்தமே அதை வெட்டிப் போட்டுவிடும்.

என் ரத்தம் வெட்டவில்லை.

விழித்தேன். அதாவது, உள்ளே விழித்தேன்.
இமை என் பேச்சைக் கேட்கவில்லை.
எனக்காக ஓர் இயந்திரம் மூச்சு விட்டது,
வாடகைக்கு விட்ட வீட்டில்
யாரோ விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பதைத்
தெருவில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது.
நர்ஸ் ப்ரோன்வின் தன் நாயின் காதில் சீழ் வைத்த கதையை
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
நடுவில் குனிந்து, ரெனூக்கா, கண்ணைத் திற டார்லிங்.
ணு குறில் என்று திருத்த
நாக்கு இருந்தது. அசையவில்லை.

என் கண்ணோரம் வழிந்ததைப் பார்த்தது அவள்தான்.
கில்மார்ட்டின் குரல் மாறியது.
தூங்க வையுங்கள், உடனே.
இவர் உள்ளே இருக்கிறார்.

ஐந்து மணி நேரம்.

இரண்டு வாரம் கழித்து மெல்பர்ன் அறிக்கையோடு
காகிதத்தில் வரைந்து காட்டினார்.
அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்தால் எஸ்டர்.
வாழைப்பழத்தின் வாசனை, வெண்ணெயின் கொழுப்பு,
அன்று ஏற்றிய ஊசி,
எல்லாம் கோத்த கைகள்தான்.
நடுவில் ஒரு துளி நீரை நுழைத்து
அந்தக் கைகளைப் பிரித்துவிடுகிற நொதி எஸ்டரேஸ்.
அதில் ஒரு வகை உங்களிடம் இல்லை.
குறைவா?
இல்லை. அளக்கும் அளவுக்கே இல்லை.

சிரித்தேன், தையல் போட்ட இடம் இழுத்தது.
பதினோரு வருடமாக சீஸ் ஆலையில்
ரோமானோ தொட்டிக்கு லைபேஸ் பொடி போடுகிறவள் நான்.
அதுவும் எஸ்டரேஸ் குடும்பம்.
பால்கொழுப்பின் கைகளைப் பிரித்து
நாக்கைச் சுண்டும் அந்தக் காரத்தைக் கிளப்புவது.
கொஞ்சம் கூடினால் தொட்டி முழுக்க வாந்தி வாடை.
ஊருக்கெல்லாம் அளந்தவள் வீட்டில்
ஒரு சிட்டிகை இல்லை.

அப்புறம் தயங்கினார்.
மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.
ஏதோ ஓர் ஆய்வின் அட்டவணையில்
எழுத்துப்பிழையோடு எங்கள் ஜாதி.
ஊரில் யாராவது கேட்டால் கோபப்படத் தெரியும்.
இவர் சர்க்கரை அளவு கேட்பதுபோல் கேட்டார்.
ஆமாம், என்றேன். ஆரிய வைசியர்.

நூற்றிரண்டு கோத்திரத்துக்குள்ளேயே
பெண் கொடுத்து, பெண் எடுத்து,
எதையும் வெளியே விடாமல் காத்தோம்.
இல்லாத ஒன்றையும் காத்திருக்கிறோம்.

குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்:
யாருக்கு ஆபரேஷன் என்றாலும்
முதலில் இந்த ரத்தப் பரிசோதனை.
இந்த ஊசி வேண்டாம் என்று சொல்லுங்கள்.
முதல் பதில், கூப்பிய கை.
இரண்டாவது, காலை வணக்கம் எழுதிய தாமரை.
மூன்றாவது ஆரணியிலிருந்து பிரபாகர் மாமா.
ஒரே சொல்:
விமலா.

விமலா சித்தி, எண்பத்து மூன்று, டான்சில்.
பதினாறு வயது.
எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று
டாக்டர் வெளியே வந்து சொன்னாராம்.
குழாயை எடுத்திருக்கிறார்கள்.
அதற்குப் பிறகு அவள் மூச்சு விடவில்லை.
டாக்டரைச் சபித்தார்கள்,
ஜாதகம் எழுதியவரைச் சபித்தார்கள்,
காபி குடிக்கப் போன சித்தப்பாவோடு
இன்றுவரை இரண்டு வீடு பேசுவதில்லை.

நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
அவளும் உள்ளேதான் இருந்திருக்கிறாள்.
யாரோ நாய்க்கதை பேசியிருப்பார்கள்.

திங்கட்கிழமை, காலை ஐந்து மணி ஷிப்ட்.
எச்சரிக்கை பொறித்த வளையம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்,
ஆலைக்குள் நகைக்கு அனுமதியில்லை.
லாக்கரில் கழற்றி வைத்தேன்.
மேற்பார்வையாளன் டேரில் யோசித்துவிட்டு
மார்க்கர் பேனாவை நீட்டினான்:
முழங்கைக்கு மேல் எழுதிக்கொள்.

அந்த நீளமான மருந்துப் பெயரை
எழுத்துக் கூட்டி எழுதினேன்.
பாதியில் கை நடுங்கியது.

நடுங்கட்டும்.
அசைகிறதே.